இசையும் மனநிலையும்: ஒரு பரீட்சை வினா பற்றிய திறனாய்வு

“இசை உமது மனநிலையை மாற்றுவதுண்டா?” என்பது ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைகளில் மாணாக்கர் அடிக்கடி எதிர்ப்படும் வினாக்களுள் ஒன்று. பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் புக விரும்புவோரும், தொழில் நாடி அந்நாடுகளிற் குடியேற விரும்புவோரும் தோற்றுகின்ற ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் பரீட்சையில் இசை ஒரு நிலைபெற்ற பேச்சுப் பொருள். வினா எளிது, ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் குற்றமில்லை. ஆயினும், தனியார் வகுப்புகளிற் பயின்று செல்லும் மாணாக்கர் இவ்வெளிய வினாவுக்கு இறுக்கும் விடைகளை ஒருங்குவைத்து நோக்கின், அவை யாவும் ஒரே வாயினின்று பிறந்தனபோலத் தோன்றும். இவ்விடையை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு ஆராய்தல் தகும். அதற்கும் மரபு உண்டு, உறுப்பு உண்டு, ஏறக்குறைய யாப்பும் உண்டு.

முதலில், இசை தனக்கு மிக விருப்பமானது என்று மாணாக்கன் தொடங்குவான். அடுத்து, அது மன அழுத்தத்தைப் போக்கித் தன்னை ‘றிலாக்ஸ்’ செய்கின்றது என்பான். மகிழ்ந்திருக்கும்பொழுது விரைவான பாடல்களையும், துயருற்றிருக்கும்பொழுது மெதுவான பாடல்களையும் கேட்பதாகக் கூறுவான். ஈற்றில், இசை உலகப் பொதுமொழி என்று முடிப்பான். இடையிடையே ‘தெரப்பியூற்றிக்’, ‘நொஸ்ரால்ஜிக்’, ‘மெலன்கொலிக்’ என்னும் சொற்கள் தாளிதத்திற் கடுகுபோல வந்து விழும். இத்துணையும் கூறி முடிந்த பின்னும், அவன் கேட்ட பாட்டு ஒன்றேனும் இவ்விடையில் இராது. பாடியவர் இலர், கேட்ட இடம் இல்லை, நாளும் இல்லை. கூறுபவன் வட்டுக்கோட்டையிற் பிறந்தவனோ, வார்சோவிற் பிறந்தவனோ என்பது எவர்க்கும் புலப்படாது.

பரீட்சையின் அமைப்பை ஈண்டுச் சிறிது நோக்குதல் வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். 1989 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பிரிட்டிஷ் கவுன்சில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பரீட்சை நிறுவனம், அவுஸ்திரேலியாவில் தோன்றிய ஐ.டி.பி. என்பன அதன் கூட்டு உரிமையாளர். பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நீளும். முதற் கூறில் வீடு, படிப்பு, பொழுதுபோக்கு முதலிய பழகிய பொருள்கள் பற்றிச் சிறு வினாக்கள் வரும். இரண்டாவதில் ஓர் அட்டை தரப்படும். 1 நிமிடம் சிந்தித்து, 2 நிமிடம் வரை தனித்துப் பேசவேண்டும். மூன்றாவது, அதே பொருளைப் பொதுநிலைக்கு உயர்த்தி நிகழும் உரையாடல். அளவுகோல்கள் நான்கு: தடையின்றித் தொடர்புபடப் பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் திருத்தமும், உச்சரிப்பு. நான்கும் ஒத்த நிறையின. கருத்தின் உண்மை என்றோ, ஆழம் என்றோ ஐந்தாவதாக ஓர் அளவுகோல் இல்லை.

இதனையே பற்றுக்கோடாகக் கொண்டு பயிற்றுநர் பலர் வாதிடுவர். பரீட்சகர் நோக்குவது மொழியையேயன்றிப் பொருளையன்று. மாணாக்கன் கூறுவது மெய்யாயின் என், பொய்யாயின் என். ஆதலின் நன்கு சமைத்த விடையொன்றை மனனஞ் செய்து செல்வதே அறிவுடைமை என்பர். இவ்வாதத்தின் முற்பகுதி சரி. பிற்பகுதி அதனினின்று பிறவாது. வெளியிடப்பட்ட தரவிளக்கங்களிலே, மனனஞ் செய்த தொடர்களை நம்பியிருத்தல் கீழ்நிலைகளின் அடையாளமாகவே குறிக்கப்பட்டுள்ளது. அன்றியும், மேல்நிலைகளிற் பேச்சினிடையே நிகழும் தயக்கம் இருவகையாகப் பிரித்துணரப்படுகின்றது: சொல்லைத் தேடித் தயங்குவது ஒன்று, சொல்லவேண்டிய பொருளைச் சிந்தித்துத் தயங்குவது மற்றொன்று. முன்னது குறை, பின்னது குறையன்று. தன் வாழ்விலே கேட்ட ஒரு பாட்டை நினைவுகூர்ந்து ஒருகணம் நிற்பவனுடைய மௌனத்துக்கும், பாடஞ் செய்த நாலாம் வாக்கியத்தை மறந்து நிற்பவனுடைய மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகிய செவி எளிதிற் கண்டுகொள்ளும். ‘இறுதியாக அவ்வாறு கேட்டது எப்பொழுது?’ என்ற ஒரு துணைவினா போதும். சமைத்த விடை அவ்விடத்தே சரிந்துவிடும். அதன்பின் அம்மாணாக்கனிடத்து எஞ்சியிருக்கும் ஆங்கிலம், முன்னர்ப் பேசிய ஆங்கிலத்தினும் பலபடி தாழ்ந்ததாய் இருத்தலைக் காணலாம்.

இனி, வினாவினுள் அமைந்த ‘மூட்’ என்னும் சொல்லை நோக்குவோர், மயக்கத்தின் ஒரு பாதி அங்கேயே கிடத்தலை அறிவர். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் மனம், உள்ளத்தின் வலி, துணிவு என்னும் பொருள்களை உடையதாயிருந்தது. ஜேர்மன் மொழியில் அதன் இனச்சொல் இன்றும் துணிவையே குறிக்கும். ஆங்கில இலக்கண நூலார் வினைச்சொல்லின் பாகுபாட்டுக்கு வழங்கும் ‘மூட்’ என்பதோ, முறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது, பிறப்பால் வேறு. துணிவைச் சுட்டிய சொல் காலப்போக்கில் நிலையின்றி மாறும் உள்ளப் பாங்கைச் சுட்டலாயிற்று. இப்பொழுது வினவப்படும் பொருளில் அஃது ஏறியும் இறங்கியும் நிற்கும் பாதரசம் போன்றது. இசையோ அதனை ஏற்றவும் இறக்கவும் வல்ல வெப்பம் போன்றது. வினாவின் அமைப்பே மாணாக்கனை ‘ஏறுகிறது’, ‘இறங்குகிறது’ என்னும் இரண்டு விடைகளுக்குள் ஒடுக்கிவிடுகின்றது.

தமிழில் ‘மனநிலை’ என்பது அச்சொல்லுக்கு ஈடாக வழங்குவது. யாழ்ப்பாணத்தவர் வீட்டிற் பேசும்பொழுது அது வருவதில்லை. ‘மனம் ஒரு மாதிரிக் கிடக்கு’ என்பதே வழக்கு. இளைஞர் நாவில் அதனிடத்தை இன்று ‘மூட் அவுட்’ என்னும் தொடர் பிடித்துள்ளது. வேடிக்கை யாதெனின், இரண்டு ஆங்கிலச் சொற்களாலாகிய இத்தொடர் ஆங்கிலர் வாயில் வழங்காதது. பரீட்சை அறையில் இதனை ஆங்கிலமென்று நம்பிக் கூறி இடர்ப்படுவோர் உளர். ‘மனம் ஒரு மாதிரிக் கிடக்கு’ என்பதை அப்படியே எடுத்து, அந்த ‘ஒரு மாதிரி’ எத்தகையதென்று எளிய ஆங்கிலத்தில் விரிக்க முயல்வோனுக்கு இதனினும் நல்ல பேச்சு அமையும்.

இசைக்கும் உள்ளத்துக்கும் உள்ள தொடர்பைப் பழந்தமிழ்ப் புலவர் எவ்வாறு கூறினர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. தொல்காப்பியர் நகை, அழுகை, உவகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். அவை இசைக்கெனத் தனியே வகுக்கப்பட்டன அல்ல, செய்யுளுக்கு உரியன. எனினும் மெய்ப்பாடு என்னும் பெயரே ஒரு கொள்கையை உணர்த்துகின்றது. உள்ளத்தில் நிகழ்வது மெய்யிடத்துப் புலப்பட்டு, காண்போர் அறியுமாறு வெளிப்படுதலே மெய்ப்பாடு. கண்ணீர் அரும்புதலும், மயிர் சிலிர்த்தலும் உரையாசிரியர் காட்டும் அடையாளங்கள். மேலும், ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டன. அழுகை என்று வாளா கூறி விடாது, பிறரால் எளியராக்கப்பட்டதனாலா, இழந்ததனாலா, முன்னைய நிலை குலைந்ததனாலா, இல்லாமையாலா என்று வினவுகின்றது அவ்விலக்கணம். ‘சோகமாக இருக்கும்போது சோகப் பாடல் கேட்பேன்’ என்னும் மாணாக்கனிடத்து எந்த ஆசிரியனும் கேட்கவேண்டிய அடுத்த வினா இதுவே.

சங்கச் செய்யுள்களில் இக்கொள்கை தொழிற்படுதலைக் காணலாம். அகநானூற்றின் 102 ஆம் செய்யுளிலே ஒரு காட்சி வருகின்றது. இரவு, தினைப்புனம், பரண்மேற் காவலிருக்க வேண்டிய கானவன் கள்ளுண்டு களித்திருக்கின்றான். அவன் மனைவியாகிய கொடிச்சி தன் கூந்தலைக் கோதிக்கொண்டு குறிஞ்சிப் பண்ணைப் பாடுகின்றாள். தினையை மேய வந்த இளங்களிறு, கதிரை உண்ணவும் இல்லை. நின்ற இடத்தினின்று பெயரவும் இல்லை. உறங்காத அதன் கண்கள் உறங்கிவிடுகின்றன. பொருநராற்றுப்படையில் வழிப்பறிக் கள்வர், பாலை யாழின் ஓசை கேட்டுக் கையிலிருந்த படைக்கலங்களை நழுவ விடுகின்றனர். இவ்விரு புலவரும் ‘அமைதி’ என்றோ, ‘மகிழ்ச்சி’ என்றோ கேட்டவரின் உள்ளத்துக்குப் பெயரிட்டு விடவில்லை. பசித்து வந்த விலங்கு உண்ணாது நின்றது. கொல்ல வந்தவன் கை நெகிழ்ந்தது. பசியும் கொலையும் முன்னே நின்றமையாலேயே இசையின் ஆற்றல் அளவிடப்படுகின்றது. பசியற்ற யானை உறங்கியது என்றால் அதில் வியப்பு யாது?

இது தமிழர்க்கே உரிய முறை என்று பெருமை பேசுதற்கும் இடமில்லை. ஆங்கிலரின் தலைசிறந்த நாடகாசிரியரும் இம்முறையையே கையாண்டுள்ளார். ‘வெனிசு வணிகன்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், நிலவொளியில் அமர்ந்திருக்கும் ஜெசிக்கா, இனிய இசை கேட்கும்போது தனக்குக் களிப்பு உண்டாவதில்லை என்கின்றாள். ‘இசை உமது மனநிலையை மாற்றுவதுண்டா?’ என்பதற்கு ஆங்கில இலக்கியம் தந்துள்ள மிகச் சுருங்கிய, மிக நேர்மையான விடை அதுவே எனலாம். அவள் கணவன் லொறென்சோ அதற்குக் காரணம் கூறப் புகுந்து, அடக்கமின்றித் துள்ளித் திரியும் இளங்குதிரைக் கூட்டம் ஒன்றைக் காட்டுகின்றான். எக்காளத்தின் ஓசையோ, யாதானும் ஓர் இசையோ செவியில் விழுந்தவுடன் அவை ஒருசேர நின்றுவிடுகின்றன. அவற்றின் முரட்டுப் பார்வை அடங்கிவிடுகின்றது. அகநானூற்றுக் களிறும் பெல்மொண்டுக் குதிரைகளும் ஒரு சாதியின. ஆனால் மேற்கோள் திரட்டுவோர் இக்காட்சியிலிருந்து எடுத்துக்கொள்வது குதிரைகளை அன்று. தன்னுள் இசையில்லாத மனிதனை நம்பற்க எனத் தொடர்ந்து வரும் பொன்மொழியையே. பரீட்சை விடைகளில் வந்து சேர்வதும் அதுவே.

லொறென்சோவின் விளக்கம் அழகியது, எனினும் நிறைவுடையதன்று. ஜெசிக்கா தந்தையை விட்டு, அவன் பொருளையும் கவர்ந்துகொண்டு, சமயமும் துறந்து வந்தவள். அவ்விரவில் அவள் களியாமைக்குக் காரணம் இசையின் இயல்பில் இருக்கின்றதா, அவள் உடன்கொண்டு வந்த நினைவில் இருக்கின்றதா என்பதை அவன் கேட்கவில்லை. நாடகாசிரியரும் வெளிப்படையாகக் கூறாது விட்டார். இசை புறத்திருந்து வந்து உள்ளத்தை மாற்றுகின்றது என்னும் கொள்கைக்கு அவள் ஒருத்தியே போதிய தடை.

சேக்ஸ்பியரைத் தமிழ் மெய்ப்பாட்டுக் கண்கொண்டு நோக்குதல் ஈழத்தவர்க்குப் புதிதன்று. ‘செகசிற்பியார்’ என்று அவருக்குத் தமிழ்ப்பெயர் சூட்டி, அவர்தம் நாடகங்களைத் தமிழ் நாடகவியலோடு இணைத்து ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலை 1926 இல் வெளிப்படுத்தியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். பௌதிகமும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கு கற்ற அவர், 1947 இல் அரங்கேறிய ‘யாழ்நூல்’ என்னும் பேராராய்ச்சியிலே பழந்தமிழர் பண்களைச் சுருதிக் கணக்கோடு மீட்டுக்காட்ட முயன்றார். ஒரு மொழியின் கருத்தை மற்றொரு மொழியிற் கூறுதற்கு, முதலில் அக்கருத்துத் தன்னிடத்து இருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. பரீட்சைக் கூடத்திற்கு இத்துணைப் பெரியாரை அழைப்பது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டு நிமிடப் பேச்சுக்கும் அதே நியதிதான்.

இதனால், பழைய இசைநூலார் யாவரும் வாய்பாட்டுக்கு அப்பாற்பட்டவர் என்று கொள்ளல் ஆகாது. ‘இந்த இசைக்கு இந்த உணர்ச்சி’ என்று அட்டவணை வகுக்கும் வேட்கை எல்லா நாட்டிலும் இருந்தது. பிளேற்றோ தமது ‘குடியரசு’ நூலின் மூன்றாம் பகுதியில், புலம்பலுக்குரிய இசைமுறைகளையும் மென்மையும் சோம்பலும் தரும் இசைமுறைகளையும் நகரினின்று விலக்கி, டோரியம், பிரிஜியம் என்னும் இரண்டையே இருத்திக்கொண்டார். அவர் மாணவர் அரிஸ்ரோற்றில் சற்று விரிந்த உள்ளத்தினர். தெய்வ வெறி கொண்டார் சிலர் வழிபாட்டிசையால் மருந்துண்டார்போலத் தெளிவடைதலை எடுத்துக்காட்டினார். இன்று மாணாக்கர் கூறும் ‘மன அழுத்தம் போக்கும் இசை’ அந்த மருந்தின் நீர்த்துப்போன வடிவம். நாட்டிய சாஸ்திரமும் இன்ன சுரங்கள் வீரத்துக்கு, இன்ன சுரங்கள் கருணைக்கு என்று பங்கிட்டது. இசையறிவு சிறிதுடையாரும் முகாரி என்றவுடன் அழுகை என்பர். ஆனால் சபரி பெற்ற பேற்றை எங்ஙனம் வருணிப்பேன் என்று வியந்து மகிழும் கீர்த்தனத்தைத் தியாகராஜர் அமைத்தது அந்த முகாரியிலேயே. அட்டவணை அங்கே வாய்மூடுகின்றது. இதற்கு நேர்மாறான எல்லையில் நின்றவர், வியன்னா நகரத்து விமரிசகர் ஹன்ஸ்லிக். இசையின் பொருள் உணர்ச்சியன்று, ஒலியால் இயங்கும் வடிவங்களே என்று 1854 இல் வெளியிட்ட நூலில் அவர் நிலைநாட்ட முனைந்தார். அவர் கொள்கை முற்றும் ஏற்கத்தக்கதன்று. எனினும் ‘இசை என்னை மகிழ்விக்கிறது’ என்பது இசையைப் பற்றிய கூற்று அன்று, தன்னைப் பற்றிய கூற்றே என்று அவர் எச்சரித்தது பயனுடையது.

இத்துணை வாதங்களையும் தீர்க்கவல்ல எடுத்துக்காட்டொன்று யாழ்ப்பாணத்து மாணாக்கனின் அயலிலேயே உண்டு. அது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம். இறைவன் நீராடுதற்குப் பொற்சுண்ணம் இடிக்க வாருங்கள் என்று மகளிர் ஒருவரையொருவர் அழைத்து, முத்துமாலையும் பூமாலையும் தூக்கி, உலக்கை ஓச்சிப் பாடும் மங்கலப் பாட்டு அது. இருபது பாடல்களும் உவகையே உவகை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே அது ஒலிக்கும் இடம் செத்தவீடு. பிரேதத்தின் முன்னே உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிக்குங்கால் அப்பாடல்கள் பாடப்படுகின்றன. உற்றார் கதறுவதும் அப்பொழுதே. திருவாசகத்தைப் புத்தகத்தில் ஓதுமுன்னரே அப்பாட்டைச் செத்தவீட்டில் அறிந்துகொண்ட பிள்ளைகள் பலர். சொல் உவகை, சூழல் அழுகை. இசை மனநிலையை மாற்றியதா, மனநிலை இசையை மாற்றியதா?

இதனை ஒரு மாணாக்கன் ஆங்கிலத்தில் எங்ஙனம் கூறுவான்? மிக எளிய சொற்களே போதும். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அதன் சொற்கள் மகிழ்ச்சியைப் பற்றியன. எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது பேரனார் இறந்தார்; அன்றுதான் முதன்முதற் கேட்டேன். அப்பாட்டின் பொருள் எனக்கு அப்பொழுது தெரியாது. பின்னர்ப் பள்ளிக்கூடத்தில் அதன் பொருளைப் படித்தபோது வியந்தேன். இப்பொழுதும் வானொலியில் அதனைக் கேட்டால் வேறு அறைக்குப் போய்விடுவேன். அன்று பொருள் தெரிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் போலும். இங்கே ‘தெரப்பியூற்றிக்’ இல்லை. ஆயினும் இலக்கண நோக்கிற் பார்க்கின், வழக்கமாக நிகழ்வதைக் கூறும் காலம், முடிந்துபோன காலம், அதற்கும் முந்திய காலம், நிகழாத ஒன்றைக் கற்பிக்கும் நிபந்தனை வாக்கியம் ஆகிய யாவும் வந்துவிட்டன. இலக்கண விரிவைப் பரீட்சகருக்குக் காட்டவேண்டும் என்று அவன் எண்ணவில்லை; நிகழ்ச்சியே அதனை வேண்டிநின்றது. சமைத்த விடையோ தொடக்கம் முதல் முடிவு வரை நிகழ்காலத்திலேயே நகரும். அதற்கு நேற்று என்பதும் இல்லை, ‘அங்ஙனம் நேர்ந்திராவிடின்’ என்பதும் இல்லை.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு இடந்தரலாகாது. மாணாக்கர் அனைவரும் இனித் தேவாரத்தையும் திருவாசகத்தையும் பற்றியே பேசவேண்டும் என்று ஒரு புதிய அச்சு வார்த்தல் பழைய அச்சினும் கொடிது. பண் இன்னதென்று அறியாதவன் பண்ணைப் போற்றுவதும், மொசாட்டின் ஒரு வரிசையேனும் கேளாதவன் மொசாட்டைப் போற்றுவதும் ஒன்றே. பேருந்தில் மினிவான் ஓட்டுநர் உரக்க வைத்த திரைப்பாடலே ஒருவனுக்கு நினைவில் நிற்குமாயின் அதனையே அவன் கூறுக. காதிற் கருவியைச் செருகிக்கொண்டு இளையராஜாவின் பாடலைக் கேட்டபடி கணக்குச் செய்பவன், எந்தக் கணக்கில் எந்த இடத்தில் அப்பாடல் தன்னைத் தடுத்தது என்று கூறுக. இசையே தனக்குப் பெரிதும் பிடிப்பதில்லை என்பவனும் அதனைத் துணிந்து கூறலாம்; ஏன் பிடிப்பதில்லை என்று இரண்டு வாக்கியம் சேர்ப்பானாயின், அவன் விடை அன்று காலை முழுவதும் ‘உலகப் பொதுமொழி’யையே கேட்டுக் களைத்த பரீட்சகரின் செவிக்குப் புதிதாகவே இருக்கும்.

பயிற்றுநர் எல்லாரையும் ஒருங்கே பழித்தலும் நேர்மையன்று. வீட்டில் ஆங்கிலம் கேளாத, வகுப்பிற் பேச வாய்ப்பில்லாத மாணாக்கனுக்கு மனனஞ் செய்த நான்கு வாக்கியங்கள் ஊன்றுகோலாக உதவுகின்றன. வாய்திறக்கும் அச்சத்தையேனும் அவை போக்கும். பரீட்சைக் கட்டணமோ சிறிதன்று. அதனை ஈடுவைத்தும் கடன்பட்டும் செலுத்தும் குடும்பத்தார் விரும்புவது புள்ளியையேயன்றி இலக்கிய நயத்தை அன்று. ஆனால் ஊன்றுகோலையே காலென்று விற்பது வேறு. மாணாக்கனிடத்து உள்ள நினைவை முதலில் தமிழிலேயே வினவி வெளிக்கொணர்ந்து, பின்னர் அதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக ஈந்து பழக்குவதற்குச் சென்றுவிடும் நேரம் அதிகம். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் அஃது இயலாது என்பர். ஐம்பது பேருக்கும் ஒரே பேரனாரைக் கொடுப்பது மட்டும் எங்ஙனம் இயன்றது?

சொல்வளம் என்னும் அளவுகோலும் இதனோடு தொடர்புடையது. அரிய சொற்களைக் கோத்துவிட்டாற் சொல்வளம் ஆகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. தரவிளக்கங்களோ, உரிய சொல் கிட்டாதபோது வேறு சொற்களாற் சுற்றி விளக்கும் திறனையும் உயர்நிலையின் அடையாளமாகக் கொள்கின்றன. தமிழ் மாணாக்கனுக்கு இது வாய்ப்பு. ‘உருக்கம்’ என்பதற்கு ஒரே சொல்லில் ஆங்கிலம் இல்லை. மெழுகு அனலிற் கரைவதைக் கூறி விளக்கலாம். நாதஸ்வரக் கச்சேரியில் ஆலாபனை முடிந்து தவில் எழும்போது கூட்டத்தில் நிகழும் அசைவுக்கும் ஒரு சொல் இல்லை. கோயில் வீதியிற் பின்னே நின்றவர்கள் முன்னே நெருங்குவதைக் கூறலாம். கையில் உள்ள சொல் பொருளுக்குப் போதாது என்று உணர்பவனே சுற்றி விளக்க முற்படுவான். ‘மெலன்கொலிக்’ என்பதை மனனஞ் செய்து வந்தவனுக்கு அத்தேவை எழுவதில்லை. சொல் முன்னரே வந்துவிட்டது, பொருள்தான் வரவில்லை.

இசைப் பொருளில் வரும் இன்னொரு வினா, நாளின் வெவ்வேறு பொழுதுகளில் வெவ்வேறு இசை கேட்பதுண்டா என்பது. காலையில் விரைவான இசை, இரவில் மென்மையான இசை என்பது அதற்குச் சமைக்கப்பட்ட விடை. பழந்தமிழ்ப் பாணருக்கோ இது பொழுதுபோக்கு அன்று, தொழில் ஒழுக்கம். காலையில் மருதமும் மாலையிற் செவ்வழியும் இசைத்தல் அவர் மரபு. புறநானூற்றின் 149 ஆம் செய்யுளில் வன்பரணர், நள்ளி என்னும் வள்ளலிடம் ஒரு செய்தியைக் கூறுகின்றார்: எம் பாணர் மாலைப்பொழுதில் மருதத்தையும் காலைப்பொழுதிற் செவ்வழியையும் இசைத்து, முறையை மறந்துவிட்டனர், கொடுத்துக் காத்தலை நீ மேற்கொண்டதே அதற்குக் காரணம். குறைகூறுவது போலத் தொடங்கிப் புகழாக முடிகின்றது அது. கேட்டவரின் உள்ளத்தை இசை மாற்றியதாக இங்கே பேச்சில்லை. பசி நீங்கியவரின் கையில் யாழே பொழுது தவறிவிட்டது.

இச்செய்தியை ஒரு மாணாக்கன் அந்த அறையிற் கூறப் புகுவானாயின், மருதம் என்பதும் செவ்வழி என்பதும் பரீட்சகருக்கு விளங்கா. ஒன்று காலைக்குரிய பண், மற்றொன்று மாலைக்குரிய பண் என்று அவன் விளக்கவேண்டும். பாணர் யாவர் என்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும், அவர் வறுமைக்கு மற்றொன்று, நள்ளிக்கு இன்னொன்று. முறை தவறியதைப் புலவர் ஏன் புகழாகக் கூறினார் என்பதற்கு அவன் வரும்பொழுது இரண்டு நிமிடமும் நிறைந்திருக்கும். பரீட்சகர் விதிப்படி இடைமறித்து, அடுத்த வினாவுக்குச் செல்வார்.